'எறிஞ்சாப் பறக்கும்' என்று விற்கிற றிமோட் இறக்கை: காசு குடுக்க முதல் அளந்து பாருங்கோ

யாழ்ப்பாணத்துக்குள் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறோம் என்று முகநூலில் விளம்பரம் போட்டு விற்கும் ஒரு மீற்றர் அகலப் 'பறக்கும் இறக்கை' (வாலில்லாத சிறு றிமோட் விமானம்) பற்றிய எச்சரிக்கை இது. விலை 38,500 ரூபாய். எல்லாம் பூட்டிச் சரிபார்த்தது, கையால் எறிந்தாலே போதும் என்று சொல்லித்தான் விற்றார்கள். அறுவடை முடிந்த வயலில் மூன்று தரம் எறியப்பட்டது. மூன்று தரமும் மூக்கை நிமிர்த்தி, வேகம் செத்து, இடப்பக்கம் சரிந்து விழுந்தது. மூன்றாவது தரம் நடுவால் முறிந்தும் போனது. விற்றவரின் பதில்: "உங்களுக்கு எறியத் தெரியேல்லை. பறக்கவிட்ட சாமானைத் திருப்பி எடுக்கமாட்டம்."

எறிந்தவரில் பிழையே இல்லை. கழற்றி, நிறுத்து, அளந்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறோம்.

முதல் பிழை புவியீர்ப்பு மையம், அதாவது முழுப் பாரமும் சமநிலையாகும் புள்ளி. பட்டத்துக்கு முச்சை எப்படியோ, வாலில்லாத இறக்கைக்கு இது அப்படி. முன்னிருந்து பின்னாக அளந்தால், இந்த இறக்கையின் நடு அகலம் 380 மில்லிமீற்றர், நுனி அகலம் 180, நுனி பின்னுக்குச் சாய்ந்திருப்பது 300. கணக்குப் போட்டால் சராசரி நாண் (முன்னிருந்து பின்னாகச் சராசரி அகலம்) 292 மில்லிமீற்றர் வரும். அதன் கால்பங்குப் புள்ளி மூக்கிலிருந்து 205 மில்லிமீற்றரில் விழும். பாரம் அதற்கு முன்னால், 176க்கும் 190க்கும் இடையில் நிற்க வேண்டும். பாரம் நிற்க வேண்டிய இடம் என்று விற்றவர் கீறிவிட்ட கோடு 215இல். அந்த இடத்தில் பாரம் நின்றால் எந்தக் கை எறிந்தாலும் மூக்கு நிமிரத்தான் செய்யும். பற்றரியைப் பூட்டியபடியே சரியான இடத்தில் இரண்டு விரல் நுனி வைத்துத் தூக்கி, மட்டமாக நிற்கிறதா என்று பாருங்கோ, ஒரு நிமிட வேலை.

அடுத்தது எடை. விளம்பரத்தில் 700 கிராம், தராசில் 1,150. இறக்கைப் பரப்பு 28 சதுர டெசிமீற்றர். 700 கிராமில் இது மணிக்கு 26 கிலோமீற்றர் அளவில் காற்றில் நிற்கும்; 1,150 கிராமில் 34 வேண்டும். இப்படி எலிவொன்களுக்கு (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் மடல்கள்) பின்னால் புறொப் (காற்றுத் தள்ளும் சுழலி) சுற்றும் விமானத்தில், மோட்டார் தள்ளும் காற்று எலிவொன்களில் படாது. கை குடுக்கிற வேகம் மட்டும்தான் முதல் செக்கனில் கட்டுப்பாடு. கூடின ஒவ்வொரு கிராமும் அங்கேதான் குத்தும்.

புறொப்பும் பின்முன்னாகப் பூட்டியிருந்தது. எழுத்துள்ள பக்கம் பறக்கும் திசையைப் பார்க்க வேண்டும். பின்னால் தள்ளும் மோட்டாரில் அது மோட்டாரைப் பார்த்தபடி வரும். திருப்பிப் பூட்டினாலும் காற்று பின்னுக்குத்தான் போகும், அதனால் ஆட்கள் கவனிப்பதில்லை. ஆனால் தள்ளுவலு நன்றாகக் குறைந்துவிடும்.

ஈபிபி (இலகுவில் முறியாத நுரை) என்று விற்றது வெறும் றெஜிபோம். மறைவான மூலையில் ஒரு துளி சுப்பர் குளூ விட்டுப் பாருங்கோ: றெஜிபோம் கரைந்து குழி விழும், ஈபிபி அப்படியே இருக்கும்.

எங்களுக்கு உண்மையில் கோபம் வந்த இடம் வேறு. உள்ளே இருந்த, ஐநேவ் மென்பொருளில் ஓடும் பறப்புக் கட்டுப்பாட்டுப் பலகையில், எறிந்த பிறகு மோட்டார் தொடங்கும் தாமதம் பூச்சியம் என்று மாற்றப்பட்டிருந்தது. அதன் வழமையான அளவு 500 மில்லிசெக்கன். அந்த அரைச் செக்கன்தான் விரலைக் காப்பாற்றுகிறது, ஏனென்றால் விமானம் முன்னுக்குப் போகையில் புறொப் கையைக் கடந்துதான் போகும். பதினாறு, பதினேழு வயதுப் பெடியள் வாங்கும் சாமானில் இப்படிச் செய்வதை மன்னிக்க முடியாது.

சரியாகப் பூட்டிய இறக்கையை எறிவது கடினமில்லை. றேடியோவை (றிமோட்டை) ஒருவர் பிடிக்க, மற்றவர் எறியட்டும். முதலில் குச்சியைப் பின்னுக்கு இழுத்து, இரண்டு எலிவொன்னும் மேலே போகிறதா என்று பாருங்கோ. வலப்பக்கம் தள்ளினால் வலது எலிவொன் மேலேயும் இடது கீழேயும் போக வேண்டும். நடுநிலையில் இரண்டும் 2, 3 மில்லிமீற்றர் மேல்நோக்கி நிற்கட்டும். மோட்டாரை நிறுத்திவைத்து, மூக்குப் பக்கத்தை மேலிருந்து பிடித்து, காற்றுக்கு நேர் எதிரே, கையைக் கீழிருந்து வீசி, கிட்டத்தட்ட 15 பாகை ஏற்றத்தில், இறக்கை மட்டமாக இருக்க விடுங்கோ. வானத்தைப் பார்த்து எறிந்தால் வேகம் செத்துவிடும். கையை விட்டு விலகின பிறகு த்ரொட்டிலை (மோட்டார் வேகக் குச்சியை) முக்கால்வாசிக்கு மெதுவாக ஏற்றுங்கோ. ஒரேயடியாக ஏற்றினால் மோட்டாரின் முறுக்கு இடப்பக்கம் உருட்டும். மணிக்கு 15 கிலோமீற்றர் காற்று எதிரே இருந்தால், 700 கிராம் இறக்கைக்குக் கை குடுக்க வேண்டிய வேகம் 11தான். சோழகம் உரக்கும் பின்னேரம் வேண்டாம், காலமை நல்லது. தைப்பொங்கலை ஒட்டி வல்வெட்டித்துறைக் கரையில் வானம் முழுக்கப் பட்டநூல். அங்கே வேண்டவே வேண்டாம். பலாலி விமான நிலையப் பக்கமும் போகாதேங்கோ.

சாமான் கைக்கு வந்த அன்றே, முதல் எறிவுக்கு முன், தராசில் வைத்தும் விரலில் தூக்கியும் வீடியோ எடுத்து, விற்றவருக்கே அனுப்புங்கோ. முறிந்த பிறகு காட்டினால் எடுபடாது. அந்த விளம்பரம் இன்னும் ஓடுகிறது, 215இல் கோடு கீறிய அதே படத்தோடு.