குட்டை மீனுக்கு ரப்பர் மீன்: ஜிக் ஹெட்டா, டெக்சாஸ் ரிக்கா?

சென்னைப் புறநகர் ஏரி, குட்டைகளில் தூண்டிலில் போலி இரையாக 2 அங்குல ரப்பர் மீன் கட்டும்போது முதலில் பார்க்க வேண்டியது ஆகாயத்தாமரை.

தண்ணீர் திறந்து கிடந்தால் ஜிக் ஹெட் (ஈயத் தலையோடு சேர்ந்த தூண்டில் முள்) போதும். 2 கிராம் எடை, 6ஆம் நம்பர் முள். முள்ளை ரப்பர் மீனின் பக்கவாட்டில் வைத்து, வளைவு முடியும் இடத்தை நகத்தால் குறியுங்கள். மூக்கின் நடுவில் குத்தி, குறியில் முதுகு வழியே வெளியே எடுங்கள். உடல் துளி கோணினாலும் இழுக்கும்போது சுழலும், தூண்டில் நரம்பு முறுக்கிக்கொள்ளும். கழற்றித் திரும்பக் குத்துவதே சரி. ஜிலேபி மீன் கொத்திக் கொத்தி ரப்பரைக் கீழே இறக்கிவிடும். ஜிக் ஹெட்டின் கழுத்தில் ஒரு சொட்டு ஃபெவிக்விக் விட்டால் நிற்கும்.

செடிக்குள் விரால் தேடினால், முள் முனை செடியில் மாட்டாமல் ரப்பருக்குள் ஒளித்துக் கட்டும் டெக்சாஸ் ரிக்தான். நரம்பில் முதலில் 3 கிராம் புல்லட் ஈயம் (தோட்டா வடிவ, துளையுள்ள ஈயம்), அப்புறம் ஆஃப்செட் முள் (கழுத்தில் மடிப்புள்ள முள்). மூக்கில் 5 மில்லிமீட்டர் குத்தி அடியில் எடுத்து, முள்ளைத் திருப்பி, முனையை வயிற்றிலிருந்து முதுகுக்கு ஏற்றுங்கள். முனை மேல்தோலுக்குள் லேசாக ஒளிந்திருக்கட்டும். ஆழப் புதைந்தால் வெடுக்கென்று இழுத்தாலும் வெளியே வராது; விரால் வாய் கெட்டி. மெல்லிய கம்பி முள் அங்கே நிமிர்ந்துவிடும்.