டி.எச். விதியும் எட்டாவது ஆட்டக்காரரும்

அமெரிக்க பேஸ்பாலில் பந்து வீசும் பிட்சரே தன் முறை வரும்போது மட்டை பிடிக்க வேண்டுமா, அவருக்குப் பதிலாக அடிப்பதற்கென்றே ஒருவரை, அதாவது டெசிக்னேட்டட் ஹிட்டரை (டி.எச்.), வைத்துக்கொள்ளலாமா என்ற விவாதம், 2022-இல் அமெரிக்கன், நேஷனல் என்ற இரண்டு லீகுகளுக்கும் டி.எச். பொது விதியான பிறகும் ரசிகர்களிடையே ஓயவில்லை. நெடுங்காலம் பழைய முறைக்காக வாதாடிய நான் இப்போது டி.எச். பக்கம் வந்துவிட்டேன்.

அமெரிக்கன் லீக் 1973-இலேயே ஏற்றுக்கொண்ட இந்த விதியை நேஷனல் லீக், கொரோனா ஆண்டான 2020 நீங்கலாக, 2021 வரை ஏற்கவில்லை. அந்தக் கடைசி ஆண்டில் பிட்சர்களின் பேட்டிங் சராசரி .110, அதாவது நூறு முயற்சிகளில் பதினொன்றுதான் வெற்றியான அடி. காய அபாயமும் தெரிந்ததுதான்: 2008-இல் ஹூஸ்டனில் தானே மட்டை பிடித்து, பேஸ்களை (ரன் எடுக்கத் தொட வேண்டிய நிலைகளை) சுற்றி ஓடிய நியூயார்க் யாங்கீஸ் அணியின் பிட்சர் சியென்-மிங் வாங், பாதத்தில் அடிபட்டு அந்த சீசனின் மீதி ஆட்டங்களை இழந்தார்.

என் மனத்தை மாற்றியது இவை எதுவும் அல்ல, பிட்சருக்கு முன்னால் ஆடவரும் எட்டாவது ஆட்டக்காரரின் நிலைமைதான். இரண்டு பேர் அவுட். இரண்டாம் பேஸில் ஒருவர் நிற்கிறார், முதல் பேஸ் காலி. எட்டாமவர் களத்துக்கு வந்து காலை ஊன்றுவதற்குள் எதிரணி மேனேஜர் நான்கு விரல்களைக் காட்டுகிறார்: அவரை அடிக்க விடாமல் முதல் பேஸுக்குச் சும்மா அனுப்பிவிடுங்கள் என்று பொருள். 2017 முதல் அதற்காக நான்கு பந்துகளை வீசக்கூடத் தேவையில்லை. எட்டாமவர் முழங்கைக் காப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு முதல் பேஸுக்கு நடக்க, அடுத்து வரும் பிட்சர் மூன்று முறை மட்டையைக் காற்றில் வீசிவிட்டு, இன்னிங்ஸை முடிக்கும் மூன்றாவது அவுட்டாகத் திரும்புகிறார். ஒன்பதாம் இடத்தின் பலவீனம் அந்த இடத்தோடு நிற்காமல், அடிக்கத் தெரிந்தவரின் வாய்ப்பையும் சேர்த்துத் தின்றுவிடுகிறது. இதையும் வியூகம் என்றே நானும் பல ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தேன்!

பழைய முறையில் உண்மையாகவே சுவையான கட்டம், நன்றாக வீசிக்கொண்டிருக்கும் பிட்சரை ஆறாம் இன்னிங்ஸில் ஒரு ரன்னுக்காக வெளியே எடுத்து வேறொருவரை அடிக்க விடுவதா என்று மேனேஜர் தவிப்பது. ஆனால் தொடக்க பிட்சர்களை எப்படியும் ஐந்தாறு இன்னிங்ஸிலேயே வெளியே அழைத்துவிடும் இக்காலத்தில், அந்தத் தவிப்பு விதி மாறும் முன்பே நீர்த்துப்போயிருந்தது. 2016-இல் சான் டியேகோவில், 42 வயது பார்டோலோ கொலோன் தன் முதல் ஹோம் ரன்னை அடித்துவிட்டு உடல் குலுங்க பேஸ்களைச் சுற்றி வந்த காட்சிக்கு மட்டும் என்னிடம் ஈடு இல்லை.

டி.எச். வந்தால் அடி பெருகும் என்ற வாதத்தை நான் அழுத்திச் சொல்ல மாட்டேன். 2021-இல் .244 ஆக இருந்த ஒட்டுமொத்த சராசரி 2022-இல் .243 ஆனது, விதியின் விளைவை மட்டும் அதிலிருந்து பிரித்தெடுப்பது எளிதல்ல. அதே 2022-இல் வந்த துணை விதியால், வீசுவதிலும் அடிப்பதிலும் வல்லவரான ஷோஹெய் ஓதானி போன்றவர் பந்துவீச்சிலிருந்து விலகிய பின்னும் டி.எச். ஆகத் தொடரலாம் என்பதால், அடிக்கத் தெரிந்த பிட்சருக்குக் கதவு அடைபடவில்லை.

ஜப்பானில் பசிபிக் லீக் 1975-இலேயே டி.எச். பக்கம் போய்விட்டது, பிடிவாதமாக நின்ற சென்ட்ரல் லீகும் 2027 முதல் ஏற்பதாக அறிவித்திருக்கிறது. பிட்சர் மட்டையோடு நடந்து வருவதைப் பார்க்க ஆசைப்படுவோர் அதற்குள் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.