ஆட்சியர் அலுவலகப் பக்கத்து டைப்பிங் கடைகள்: பள்ளிப் பணியாளர் சங்கங்கள் நம்பிப் போகலாமா?

பள்ளிப் பணியாளர்களின் ஊதியம், விடுப்பு, பணிநிலை பற்றிப் பேச்சுவார்த்தைக்குப் போகிற சங்கம் எதுவானாலும், மதுரையில் அது முதலில் படியேறும் இடம் பெரும்பாலும் ஒரு டைப்பிங் கடைதான். அண்ணா பேருந்து நிலையத்திலிருந்து ஆட்சியர் அலுவலகத்துக்கு நடக்கிற தூரத்திலும், கே.கே.நகர் நீதிமன்றப் பக்கத்திலும் ‘ஜெராக்ஸ், டிடிபி, ஸ்பைரல் பைண்டிங்’ போர்டு மாட்டிய கடைகள் இருக்கின்றன. மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலத்திலும் தாலுகா அலுவலகத்தை ஒட்டி இதே சேவை உண்டு. தனியாக ஒரு கடையை மட்டும் இங்கே மதிப்பிடவில்லை. கோரிக்கை மனுவும் உடன்பாட்டுக் குறிப்பும் அடித்துத் தருகிற இந்தச் சேவை சங்க வேலைக்கு எந்த அளவு தாங்கும் என்பதுதான் விஷயம்.

வேகத்துக்கும் பொறுமைக்கும் தாராளமாகப் போகலாம். ஆனால் வாசகத்தை அவர்களிடம் விட்டுவிடக் கூடாது. கணக்கும் சட்டமும் தேதியும் நீங்கள் கையோடு கொண்டுபோக வேண்டியவை. அவை இல்லாமல் போனால் அழகாக அச்சடித்த, ஒன்றுக்கும் உதவாத மனுவோடு திரும்புவீர்கள்.

நல்லதை முதலில் சொல்லிவிடுவோம். அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை என்ற அலுவலக நடை இவர்களுக்குத் தண்ணீர்பட்ட பாடு. அடித்தல் திருத்தலோடு உள்ள கையெழுத்தையும் வாசித்துவிடுவார்கள். கைப்பிரதி தெளிவாக இருந்தால் நான்கு பக்க மனு ஒரு மணி நேரத்துக்குள் கைக்கு வந்துவிடும். பேச்சுவார்த்தை நாளில், உள்ளே ஒரு வாசகம் மாறினால் வெளியே ஓடிவந்து திருத்தி பிரிண்ட் எடுக்க இவர்களை விட்டால் வேறு ஆள் கிடையாது. கூலி கடைக்குக் கடை மாறும். பக்கக் கணக்கா, திருத்தத்துக்குத் தனிக் காசா, அட்டவணைக்குக் கூடுதலா என்று ஆரம்பத்திலேயே கேட்டுவிடுங்கள். அட்டவணை அடிக்க நேரம் பிடிக்கும், அதற்குக் கூடுதலாகக் கேட்பது நியாயமே.

சிக்கல் தொடங்குவது பழைய ஃபைலில். “போன வருஷம் இதே மாதிரி ஒண்ணு அடிச்சது இருக்கு சார், பேரை மட்டும் மாத்திக்கிருவோமா?” என்று கேட்பார்கள். உங்கள் நேரமும் காசும் மிச்சமாகட்டும் என்ற நல்லெண்ணம்தான். சரி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அரசு ஊழியர், ஆசிரியர்களின் ஈட்டிய விடுப்புச் சரண் (எடுக்காத விடுப்பை ஒப்படைத்துக் காசாக வாங்குவது) 2020-ல் நிறுத்தப்பட்டு, 1.10.2025 முதல் 15 நாளுக்கு மீண்டும் வந்துவிட்டது. பழைய ஃபைலில் ‘சரண் விடுப்பை உடனே திரும்ப வழங்குக’ என்ற வரி அப்படியே கிடக்கும். மகப்பேறு விடுப்பு 1.7.2021 முதல் 12 மாதம். ஃபைலில் 9 மாதத்தை 12 ஆக்கக் கோரிக்கை இருக்கும். தமிழ்நாட்டில் பங்களிப்பு ஓய்வூதியம் கொண்டுவரப்பட்டது 1.4.2003 அன்றும் அதற்குப் பின்னும் சேர்ந்தவர்களுக்கு. மத்திய அரசு ஊழியர் மனுவிலிருந்து வெட்டி ஒட்டினால் 1.1.2004 என்று வந்து நிற்கும். எதிரே உட்கார்ந்திருக்கும் அதிகாரி இதில் ஒன்றைப் பார்த்தால் போதும், மீதி கோரிக்கைகளையும் அதே கண்ணோடுதான் புரட்டுவார். கொடுத்து முடித்ததைக் கேட்கிற சங்கத்திடம், கொடுக்காததைப் பற்றி யாரும் பொறுமையாகப் பேச மாட்டார்கள்.

தனியார் பள்ளி மனுக்களில் இது இன்னும் மோசம். 1973-ஆம் ஆண்டின் தனியார் பள்ளிகள் சட்டத்தையே இன்னும் பார்வையில் போடுகிறார்கள். இப்போது நடைமுறையில் இருப்பது தமிழ்நாடு தனியார் பள்ளிகள் (முறைப்படுத்துதல்) சட்டம் 2018, அதற்கான 2023-ஆம் ஆண்டு விதிகள். அதேபோல ‘தொழில் தகராறுகள் சட்டம் 1947’ என்று தொடங்குகிற பழைய வார்ப்பு எல்லாக் கணினியிலும் இருக்கிறது. 21.11.2025 முதல் தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்துவிட்டன. இனி எழுத வேண்டியது தொழில் உறவுகள் தொகுப்பு 2020. அறப்பணி, சமூக சேவை செய்யும் அமைப்புகள் நடத்தும் நிறுவனங்களைத் ‘தொழில்’ என்ற வரையறையிலிருந்து இந்தத் தொகுப்பு விலக்குகிறது. அறக்கட்டளை நடத்தும் பள்ளி இந்த வாதத்தைக் கட்டாயம் எடுக்கும். பதிலைத் தயாராக எழுதிக்கொண்டுதான் கடைக்கே போக வேண்டும்.

ஆசிரியர்களையும் வேன் ஓட்டுநர், ஆயாம்மா, அலுவலக உதவியாளர்களையும் ஒரே மனுவில் சேர்த்து, தொழிலாளர் உதவி ஆணையர் (சமரசம்) பெயருக்கு அடித்துக் கொடுப்பது இன்னொரு வழக்கமான தவறு. ஆசிரியர் ‘தொழிலாளி’ என்ற வரையறைக்குள் வர மாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 1988-லேயே சொல்லிவிட்டது. கூட்டு மனுவாகப் போனால் நிர்வாகத்தின் முதல் ஆட்சேபமே அதுதான், ஓட்டுநர்களின் நியாயமும் சேர்ந்து இழுபடும். இரண்டு மனுவாகப் பிரியுங்கள். பணியாளர் மனு தொழிலாளர் துறைக்கு. ஆசிரியர் மனு 2018 சட்டத்தைச் சுட்டி மாவட்டக் கல்வி அலுவலருக்கு (தனியார் பள்ளிகள்). பணிக்கொடை (கிராஜுவிட்டி) மட்டும் விதிவிலக்கு. பணிக்கொடைச் சட்டத்தின் 2009 திருத்தம் 3.4.1997 முதலே ஆசிரியர்களையும் உள்ளே கொண்டுவந்தது, 2022-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதியும் செய்தது.

பணிக்கொடை என்றதும் கணக்கைப் பார்த்துவிடுவோம். இங்கே ஒரு எண் பிசகினால் போவது ஒரு துப்புரவுத் தொழிலாளியின் காசு. கடைசியாக வாங்கிய மாத ஊதியத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, பணி ஆண்டுகளால் பெருக்க வேண்டும். மாதம் 13,000 வாங்கி 10 ஆண்டு வேலை பார்த்தவருக்கு ஒரு நாள் ஊதியம் 500, ஆண்டுக்கு 7,500, மொத்தம் 75,000 ரூபாய். அடிப்பவர் ‘மாதத்துக்கு முப்பது நாள்தானே’ என்று 26-ஐ 30 ஆக்கிவிட்டால் 65,000 ஆகிவிடும். கேட்கும்போதே 10,000 குறைத்துக் கேட்ட சங்கத்துக்கு நிர்வாகம் அதைத் திருத்தி உயர்த்திக் கொடுக்கப் போவதில்லை. கூட்டிக் கழித்த தாளையே கொண்டுபோய்க் கொடுங்கள், கடையில் கணக்குப் போடச் சொல்லாதீர்கள்.

இடைநிலை ஆசிரியர் ஊதிய முரண்பாட்டு மனுவிலும் இதே கண்டம் உண்டு. 1.6.2009-க்கு முன் சேர்ந்தவருக்குப் பழைய அடிப்படை ஊதியம் 4,500-ஐ 1.86-ஆல் பெருக்கி 8,370. பின்னால் சேர்ந்தவருக்கு 5,200. தர ஊதியம் இருவருக்கும் 2,800. இடைவெளி 3,170. பெரிய எண்ணாகத் தெரியாது. ஆனால் அடுத்த ஊதியத் திருத்தத்தில் 2.57-ஆல் பெருக்கினால் அதே இடைவெளி 8,000-ஐத் தாண்டுகிறது, அகவிலைப்படி அதன் மேல் ஏறுகிறது. இந்த வளர்ச்சியைக் காட்டுகிற நான்கு வரி அட்டவணை, இரண்டு பக்கக் கண்ணீர் வரிகளைவிட வலுவாகப் பேசும். பிரூஃப் பார்க்கும்போது 8,370 என்பது 8,730 ஆகியிருக்கிறதா என்று விரலை வைத்துப் பாருங்கள். எழுத்துப் பிழை கண்ணில் குத்தும். எண் பிழை குத்தாது. ஒருவர் கைப்பிரதியை உரக்க வாசிக்க, மற்றவர் அச்சுப் பிரதியில் பார்த்து வருவதுதான் இதற்கு ஒரே மருந்து.

கோரிக்கை அட்டவணைக்கு ஐந்து நெடுவரிசை போதும்: வரிசை எண், கோரிக்கை, இன்றைய நிலை, ஆதாரம் (அரசாணை எண்ணும் நாளும்), பயன்பெறுவோர் எண்ணிக்கை. தனியார் பள்ளி என்றால் ஆறாவதாக மாதச் செலவு. செலவு எழுதாத கோரிக்கைக்கு ‘நிதிநிலை பார்த்துச் சொல்கிறோம்’ என்ற பதில் ரெடியாக இருக்கும். செலவை நீங்களே எழுதிவிட்டால் அந்த எண்ணிலிருந்துதான் பேச்சு தொடங்கும். காசு சம்பந்தப்பட்டவற்றையும், ஆயாம்மாவுக்கு உட்கார நாற்காலி, சாப்பிட இடம், தற்செயல் விடுப்பை எழுத்தில் பதிவது போன்ற செலவில்லாதவற்றையும் இரண்டு பகுதியாகப் பிரிக்கச் சொல்லுங்கள். இரண்டாவது பகுதி முதல் நாளிலேயே முடிய வாய்ப்பு உண்டு.

அடுத்தது எழுத்துரு. பல கடைகளில் இன்னும் பாமினி, வானவில் அவ்வையார் என்ற பழைய எழுத்துருக்களின் பழக்கம்தான். தாளில் அச்சாகி வந்தால் வித்தியாசம் தெரியாது. அதே ஃபைலை வாட்ஸாப்பில் வாங்கி மாநில நிர்வாகிக்கு அனுப்பினால் அவர் திரையில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் குழம்பிக் கிடக்கும். அதனால் எந்தத் திரையிலும் தமிழாகவே தெரிகிற யூனிகோடில் அடிக்கச் சொல்லி, வேர்டு, பிடிஎஃப் இரண்டையும் வாங்குங்கள். யூனிகோடிலும் ஒரு கள்ளப் பிழை உண்டு. ‘ஊதியம்’ என்பதில் ‘ஊ’ போடாமல், ‘உ’-வையும் ‘ள’-வையும் அடுத்தடுத்துப் போட்டு ‘உளதியம்’ என்று அடித்திருப்பார்கள். தாளில் அவசரமாகப் பார்த்தால் ஊதியம்தான். ஃபைலில் ‘ஊதியம்’ என்று தேடினால் ஒன்றுகூடச் சிக்காது. துணைக்காலுக்குப் பதில் ‘ர’ அடிப்பதும் இதே ரகம். பிரிண்ட் கொடுக்கும் முன் அந்த ஒரு சொல்லைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள், அரை நிமிட வேலை.

தாள் ஏ4. இடது பக்கம் ஒன்றரை அங்குலம் விடச் சொல்லுங்கள். அலுவலகத்தில் ஓட்டை போட்டு டேக் கட்டும்போது குறுகிய ஓரத்தில் உள்ள எழுத்து போய்விடும், பெரும்பாலும் அது வரிசை எண்ணாக இருக்கும். இணைப்புகளுக்கும் தொடர் பக்க எண் போட வேண்டும். கையெழுத்துத் தாள் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. வெறும் கோடு போட்ட தாளில் ஐம்பது கையெழுத்து வாங்கிப் பின்னால் கோத்தால், ‘எதற்கென்று தெரியாமல் போட்டேன்’ என்று ஒருவரைச் சொல்ல வைப்பது நிர்வாகத்துக்குச் சுலபம். ஒவ்வொரு கையெழுத்துத் தாளின் தலையிலும் மனுவின் பொருளும் நாளும் அச்சாகியிருக்க வேண்டும், கீழே பக்க எண்ணும்.

எத்தனை பிரதி? பெறுநருக்கு ஒன்று, நகல் போகும் ஒவ்வோர் அலுவலகத்துக்கும் ஒன்று, தாளாளருக்கு ஒன்று, தபால் பிரிவில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ள ஒன்று, கோப்புக்கு ஒன்று. முத்திரை வாங்கிய பிரதி சங்கத்தின் சொத்து, அதை லேமினேட் செய்யாதீர்கள். சூட்டில் முத்திரை மை கலங்கும், பிறகு அதை எந்த இடத்திலும் கோப்போடு சேர்க்கவும் முடியாது. நகலை அஞ்சலில் அனுப்புவதாக இருந்தால் மனுவில் ‘பதிவுத் தபால்’ என்று அடிக்க வேண்டாம். 2025-ல் அது விரைவுத் தபாலோடு இணைந்துவிட்டது. தல்லாகுளம் தலைமை அஞ்சலகத்தில் ஒப்புகை வேண்டும் என்று தனியாகச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

உடன்பாட்டுக் குறிப்பு அடிப்பதில்தான் இந்தக் கடைகளின் அருமை தெரியும், ஆபத்தும் அங்கேதான். ஒத்துக்கொண்டதை உடனே அடித்து இரு தரப்பும் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும், ‘நாளைக்குப் பார்ப்போம்’ ஆகாது. ஆனால் அடிப்பவருக்குப் பழகிய அலுவலகச் சொல் தானாகவே விரலில் வந்துவிடும். ‘வழங்கப்படும்’ என்று நீங்கள் சொன்னது ‘வழங்கப் பரிசீலிக்கப்படும்’ ஆகிவிடும். முதலாவது வாக்கு, இரண்டாவது காற்று. ஒவ்வொரு வரியிலும் எவ்வளவு, எந்தத் தேதி முதல், யார் யாருக்கு என்ற மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். ‘விரைவில்’, ‘படிப்படியாக’, ‘தகுதியுள்ளோருக்கு’ என்று இருந்தால் அங்கேயே நீக்கிவிட்டுத் திரும்ப பிரிண்ட் எடுங்கள். பேனாவால் திருத்தினால் திருத்தத்துக்குப் பக்கத்தில் இரு தரப்பும் சுருக்கொப்பம் போட வேண்டும். கடைசித் தாளில் மட்டும் கையெழுத்து போதாது, எல்லாப் பக்கத்திலும் வேண்டும். முன் பக்கத்தை மாற்றிக் கோப்பது ஒரு ஸ்டேப்ளர் பின்னை உருவுகிற வேலைதான்.

திங்கட்கிழமை காலை போகவே வேண்டாம். ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் நாள், கடை வாசலில் நிற்க இடம் இருக்காது, அடிப்பவருக்கும் நிதானம் இருக்காது. முதியோர் உதவித்தொகைக்கு வந்த பாட்டியை நிறுத்தி வைத்துவிட்டு நம் மனுவை அடிக்கச் சொல்வதும் சரியில்லை. வியாழன் மதியம் போனால் உட்கார்ந்து பிரூஃப் பார்க்க நாற்காலியே போடுவார்கள்.

கிளம்பும் முன் ஒரு வேலை பாக்கி. உறுப்பினர் பட்டியலில் பெயர், போன் நம்பர், சம்பளம் எல்லாம் இருக்கும். ஃபைல் அந்தக் கணினியின் முகப்பிலேயே கிடந்தால், அடுத்து வருகிறவர் அதே பள்ளி நிர்வாகத்தின் ஆளாகவும் இருக்கலாம். உங்கள் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு, முகப்பு, டவுன்லோட்ஸ், குப்பைத் தொட்டி மூன்றிலும் அழிக்கச் சொல்லி நின்று பாருங்கள். வாட்ஸாப் வெப் திறந்திருந்தால் உங்கள் போனிலிருந்தே லாக் அவுட் கொடுத்துவிட்டுப் படியிறங்குங்கள்.