நான்கு ஆண்டு உழைத்த ஃப்ளோர் மேட்டும் எனக்கு வராத ரீகால் அறிவிப்பும்

நான் காரில் பயன்படுத்தும் ரப்பர் ஃப்ளோர் மேட்டின் விலை இப்போது நன்றாகக் குறைந்திருக்கிறதே, வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். சென்ற மாதம்தான் அதன் ஓட்டுநர் பக்க மேட்டைத் தயாரிப்பாளரே திரும்பப் பெற்றுக்கொண்டு வேறொன்றை அனுப்பினார் என்பதால், என்னால் ஒரே வரியில் பதில் சொல்ல முடியவில்லை.

மேட்டின் உழைப்பில் குறையே இல்லை. மழைக்காலச் சேறு முழுவதும் உயர்ந்த விளிம்புக்குள்ளேயே தங்கிவிடும். எடுத்து உதறித் தண்ணீர் அடித்தால் போதும். நான்கு ஆண்டுகளில் எங்கும் கிழியவில்லை.

கோளாறு கொக்கி மாட்டும் இடத்தில் இருந்தது. காரின் தரையிலுள்ள கொக்கியைப் பிடித்துக்கொள்ள வேண்டிய பிளாஸ்டிக் வளையம் நாளடைவில் தளர்ந்துவிட, குதிகாலை ஊன்றும் ஒவ்வொரு முறையும் மேட் மயிரிழை மயிரிழையாக முன்னே நகர்ந்திருக்கிறது. நான் குனிந்து பார்த்தபோது அதன் தடித்த முன்விளிம்புக்கும் ஆக்சிலரேட்டர் பெடலுக்கும் இடையே ஒரு விரல் அளவு இடைவெளிதான் இருந்தது. இன்ஜினை அணைத்துவிட்டு, பெடலைக் கையால் அடிவரை அழுத்தி அழுத்திப் பார்த்தேன். மூன்றாவது முறை அது விளிம்பில் மாட்டிக்கொண்டு மேலே எழவே இல்லை. அதைப் பார்த்த பிறகு எனக்குக் கை நடுங்கியது.

2009 ஆகஸ்டில் அமெரிக்காவின் சான் டியாகோ அருகே ஒரு லெக்சஸ் காரில் நால்வர் உயிரிழந்ததும் இப்படித்தான்: வேறு மாடலுக்கான ரப்பர் மேட் அதில் போடப்பட்டிருந்தது, ஆக்சிலரேட்டர் அதில் சிக்கிக்கொண்டது. அடுத்த மாதமே டொயோட்டா நிறுவனம் அந்நாட்டில் சுமார் 38 லட்சம் வண்டிகளின் உரிமையாளர்களிடம் ஓட்டுநர் பக்க மேட்டை எடுத்துவிடச் சொன்னது. ஒரு ரப்பர் துண்டுதானே என்று எண்ணுபவர்கள் இதை மறக்கக் கூடாது.

என் கோபமெல்லாம் மேட்டைத் திரும்பப் பெறும் (ரீகால்) அறிவிப்பு என்னை வந்தடையாததைப் பற்றித்தான். காரின் 17 இலக்க அடையாள எண்ணைக் கொடுத்துத் தேடினால், திரும்பப் பெறும் அறிவிப்பு எதுவும் நிலுவையில் இல்லை என்றே பதில் வந்தது. அந்த எண் கார் நிறுவனம் கட்டிக் கொடுத்த வண்டியை மட்டுமே அறியும். பிறகு நாமே வாங்கி மாட்டும் மேட், சீட் கவர், கூரைக் கம்பி போன்றவற்றை அவற்றுக்குரிய மாடல் எண்ணையும் பேட்ச் எண்ணையும் கொண்டே தேட வேண்டும். பெட்டிக்குள் இருந்த பதிவு அட்டையை நான் நிரப்பி அனுப்பவில்லை, அது என் தவறு. ஆனால் விற்ற கடையிடம் என் முகவரியும் தொலைபேசி எண்ணும் இருந்தன. தள்ளுபடிச் செய்திகளை நான்கு ஆண்டுகளாகத் தவறாமல் அனுப்பியவர்கள், உயிர் சம்பந்தப்பட்ட இந்த ஒரு செய்தியை அனுப்பவில்லை. பெடல் மாட்டிக்கொண்ட பிறகு நானாகத் தேடித்தான் அதைக் கண்டுபிடித்தேன்.

தயாரிப்பாளரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. மேட்டின் அடியில் அச்சிட்டிருந்த பேட்ச் எண்ணைப் படம் எடுத்து அனுப்பினேன். ரசீது கேட்கவில்லை, பணம் கேட்கவில்லை, ஒரு வாரத்தில் மாற்று மேட் வந்துவிட்டது. புதியதில் வளையம் உலோகத்தால் ஆனது. பெடலுக்குக் கீழே வரும் பகுதியை ஆழமாக வெட்டிவிட்டிருக்கிறார்கள். பழைய மேட்டைவிட எல்லா வகையிலும் மேலானது.

இருந்தும் நண்பருக்கு நான் சொன்ன பதில் இது: பின்னிருக்கைக்கும் பக்கத்து இருக்கைக்கும் தயங்காமல் வாங்குங்கள், ஓட்டுநர் பக்கத்துக்கு வேண்டாம். எந்த மேட் போட்டாலும் பழையதை எடுக்காமல் அதன்மேல் போடாதீர்கள், கொக்கியை மாதம் ஒரு முறை இழுத்துப் பாருங்கள். ஓடும்போது பெடல் மாட்டிக்கொண்டால் பிரேக்கை விட்டு விட்டு அழுத்தாமல் ஒரே அழுத்தாக அழுத்திப் பிடித்து, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள். என் காரில் ஓட்டுநர் பக்கம் இப்போது காரோடு வந்த மெல்லிய துணி மேட்தான் கிடக்கிறது. மாற்றாக வந்த அந்த நல்ல மேட் இன்னும் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது.