வாக்கிங் டெட்: நான்கு குண்டு புத்தகங்களோடு பத்து வருடத்துக்கு மேல்

செத்தவர்கள் ஜாம்பிகளாக எழுந்து நடமாடும் உலகத்தில் தப்பிப் பிழைக்கும் ஒரு கூட்டத்தின் கதை, ராபர்ட் கிர்க்மேன் எழுதிய 'தி வாக்கிங் டெட்' காமிக்ஸ். அதன் நான்கு பெருந்தொகுப்புகளில் முதலாவதை 2013இல் வாங்கினேன். 48 இதழ்கள், ஆயிரம் பக்கங்களுக்கு மேல். பார்சலில் ஒரு முனை நசுங்கித்தான் வந்தது. மாற்றித் தரச் சொன்னால் இன்னும் ஒரு வாரம் காத்திருக்கணும் என்று அன்றிரவே படிக்க உட்கார்ந்துவிட்டேன். இதுவரை முழுத் தொடரையும் மூன்று முறை படித்தாயிற்று. முடிவைச் சொல்லாமல் இதைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை. இன்னும் படிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

முதல் ஆறு இதழ்களை வரைந்தவர் டோனி மூர். ஏழாவதிலிருந்து சார்லி அட்லார்ட். அந்த மாற்றம் முதலில் எனக்குப் பிடிக்கவே இல்லை. மூரின் கோடுகளில் ஒவ்வொரு முகமும் பளிச்சென்று தெரியும். அட்லார்டிடம் யார் யார் என்று தேட வேண்டியிருந்தது. அந்தக் கூட்டம் ஒரு சிறைச்சாலையில் தங்கும் பகுதிக்கு வந்தபோதுதான் அவர் கை எனக்குப் பிடிபட்டது. கண்களை நிழலில் புதைத்துவிட்டு, வாயின் கோணலை மட்டும் வைத்தே ஒருவர் உள்ளுக்குள் உடைவதைக் காட்டிவிடுவார். கடைசி இதழ் வரை, 187 இதழ்கள் அவரே வரைந்தார். 2020இலிருந்து வண்ணப் பதிப்பும் வருகிறது. சில இதழ்கள் பார்த்தேன், நன்றாகவே இருக்கிறது. ஆனால் கருப்பு வெள்ளையில் ரத்தம் கண்ணை இழுப்பதில்லை. பார்வை நேராக முகத்துக்குப் போகிறது. இந்தக் கதைக்கு அதுதான் சரி.

பெருந்தொகுப்பில் இதழ்களுக்கு நடுவே அட்டைப்படங்கள் கிடையாது. ஒரு இதழ் எங்கே முடிந்தது என்றே தெரியாமல் கதை ஓடிக்கொண்டே இருக்கும். 48ஆம் இதழில் கதாநாயகன் ரிக்கின் மனைவி லோரியும் கைக்குழந்தையும் சாகும் பக்கத்தில் எனக்கு மூச்சுவிட ஒரு இடைவெளி தேவைப்பட்டது. நல்லவேளை, முதல் தொகுப்பு அங்கேயே முடிகிறது. இரண்டாவதை வாங்க எனக்கு நான்கு மாதம் ஆனது.

குறையும் உண்டு. ஒரு இடம் கிடைக்கும், மூச்சு விடுவார்கள், அது அழியும், மறுபடி நடை. இரண்டாம் முறை படிக்கும்போது இந்தச் சுற்று அலுத்தது. 115 முதல் 126ஆம் இதழ் வரை நீளும், எதிரிக் கூட்டத்தின் தலைவன் நீகனுடனான போர் இதில் பாதி இருந்தாலே போதும். ரிக்கின் நீண்ட பேச்சுகள் சில, படத்தையே மறைக்கும் அளவுக்குக் கட்டங்களை நிரப்பிவிடுகின்றன.

இத்தனையும் தாண்டி மறுபடி மறுபடி என்னை இழுப்பது ரிக்கின் மகன் கார்ல். முதல் இதழ்களில் அப்பாவின் தொப்பியை மாட்டிக்கொண்டு நிற்கும் சின்னப் பையன். அம்மாவை இழக்கிறான், ஒரு கண்ணை இழக்கிறான், குரல் உடைகிறது, அப்பாவோடு சண்டை போடுகிறான். எல்லாம் தொடர் வெளிவந்த பதினாறு வருடங்களில், கொஞ்சம் கொஞ்சமாக. ஜாம்பிகள் பின்னால் வீசும் காற்று மாதிரி ஆகிவிட, ஒரு பிள்ளை வளர்வதைப் பார்க்கும் கதையாகவே இது எனக்கு மாறிவிட்டது. நானும் நடுவில் அப்பா ஆனது ஒரு காரணமாக இருக்கலாம்.

2019 ஜூலையில் 193ஆம் இதழோடு முன்னறிவிப்பே இல்லாமல் முடித்துவிட்டார்கள். அடுத்த இதழ்களுக்கு அட்டை வரைந்து விளம்பரம்கூடக் கொடுத்திருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அந்தக் கடைசி இதழில் கார்ல் வளர்ந்த மனிதன். ஜாம்பிகள் அவ்வளவு அரிதாகிவிட்டன. அவற்றை ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்சி வைக்கிறார்கள். அவற்றைக் கொன்றதற்காக அவன் நீதிமன்றத்தில் நிற்கிறான். தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்திருப்பவள் மிஷோன். ரிக்கின் கூட்டத்தில் வாளோடு வந்து சேர்ந்தவள்! 192 இதழ்கள் கூடவே நடந்து வந்தால்தான் அந்தப் பக்கத்தின் கனம் தெரியும்.

அப்புறம் வீட்டு வாசலில் மகளை மடியில் வைத்துக்கொண்டு அவளுக்குக் கதை படித்துக் காட்டுகிறான், அவளுடைய தாத்தாவின் கதையை. போன மாதமும் அந்தப் பக்கத்தை மட்டும் எடுத்துப் பார்த்தேன்.