கறுப்புக் கோட்டிங்கா, மெழுகா? உப்புக் காற்றில் ஓடும் பழைய எஸ்யூவிக்கு எது சரி

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டத்தில் கொட்டிய மழையை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தெருவில் முழங்கால் அளவுத் தண்ணீர் நின்றபோது, என் வண்டியை மேடான இடத்தில் இருக்கும் மாமனார் வீட்டு வாசலில் நிறுத்தியிருந்தேன். வெள்ளம் வண்டியைத் தொடவே இல்லை. ஆனால் மழை விட்டு நாலாம் நாள் கதவைத் திறந்ததும் ஊறிய சாக்கு வாடை அடித்தது. டிரைவர் பக்கத்துக் கார்ப்பெட்டை அழுத்தினால் விரலுக்கு இடையில் தண்ணீர் வந்தது. கார்ப்பெட்டையும் அடியில் இருந்த பஞ்சையும் தூக்கிப் பார்த்தேன். தரைத் தகடு செம்பழுப்பாக இருந்தது. ஸ்க்ரூடிரைவரை வைத்து லேசாக அழுத்தினேன். உள்ளே இறங்கியது, வெளிச்சம் தெரிந்தது.

என்னைத் திகைக்க வைத்தது அதற்கு அடுத்து நடந்தது. வண்டிக்கு அடியில் படுத்து அதே இடத்தைப் பார்த்தால், ஸ்க்ரூடிரைவர் குத்திய ஓட்டையைத் தவிர மீதியெல்லாம் கறுப்பாக, பளபளப்பாக, புதுசு போல இருக்கிறது. 2020-ல் நம்பிக்கையோடு அடித்த அண்டர்பாடி கோட்டிங் அது.

வண்டி 2009 மாடல் டீசல் எஸ்யூவி. தனிச் சேஸின் மேல், அதாவது எடையைத் தாங்கும் இரும்புச் சட்டத்தின் மேல், பாடி உட்கார்ந்திருக்கும் பழைய வகை. 2018-ல் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். வேலைக்காக வாரத்தில் மூன்று நாள் தருவைகுளம், வேப்பலோடை பக்கம் உப்பளங்களை ஒட்டிய சாலைகளில் போய் வர வேண்டும். அடிப்பகுதிக்கு நான் இரண்டு விதமான பாதுகாப்பும் செய்து பார்த்துவிட்டேன். முதலில் தார், ரப்பர் கலந்த கறுப்புக் கோட்டிங். அது போன பிறகு மெழுகு, அதாவது கேவிட்டி வாக்ஸ் என்று விற்கும் சரக்கு. கடலோரத்தில் ஓடும் பழைய வண்டிக்கு மெழுகுதான் சரி என்பது என் முடிவு.

செலவு, கிடைக்கும் இடம் எல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். கறுப்புக் கோட்டிங்கை எந்த வாட்டர் வாஷ் சென்டரிலும் அரை நாளில் அடித்துத் தருவார்கள். மெழுகுக்கு ஆள் தேட வேண்டும், இல்லையென்றால் கேன் வாங்கி நாமே அடிக்க வேண்டும். முதல் முறை ஆகும் செலவில் பெரிய வித்தியாசம் இல்லை.

கறுப்புக் கோட்டிங் எதில் தோற்றது என்று தெரிய, அது உரிந்த விதத்தைச் சொல்ல வேண்டும். டிங்கர் அண்ணாச்சி வண்டியைப் பிட்டின் மேல், அதாவது கீழே நின்று வேலை பார்க்கும் பள்ளத்தின் மேல் ஏற்றி, சின்னச் சுத்தியலால் முன்னிருந்து பின்னாகத் தட்டிக்கொண்டே போனார். நல்ல தகட்டில் ‘டங்’ என்று கேட்டது. சில இடங்களில் அட்டைப்பெட்டியைத் தட்டினது போல ‘தொப்’ என்றது. அப்படி ஓர் இடத்தில் பட்டிக் கத்தியின் முனையை நுழைத்து இழுத்தார். கல்லில் வெந்த தோசை போல ஒரே ஏடாகப் பிரிந்து வந்தது. அதன் உட்பக்கம் முழுக்கத் துரு. அடுக்கு அடுக்காக, கையில் எடுத்தால் அப்பளம் போல நொறுங்கியது. கூடவே ஈரம். மழை நின்று பத்து நாள் ஆகியிருந்தது, அங்கே இன்னும் காயவில்லை.

“இது மேல இருந்து இறங்குன தண்ணி தம்பி. கீழ வழி இல்லாம நின்னுட்டு” என்றார்.

இரும்பு துருவாக மாறும்போது, இருந்த இடத்தைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். அதனால் கோட்டிங்கை உள்ளிருந்தே நெம்பித் தூக்கும். தூக்கிய இடைவெளியில் தண்ணீர் நிற்கும். கோட்டிங் புதிதாக மெத்தென்று இருக்கும்வரை பிரச்சினை தெரியாது. தார் வகைச் சரக்கு வெயிலிலும் சூட்டிலும் வருடங்கள் போகப் போக இறுகும், ஓரங்களில் வெடிக்கும். மயிரிழை வெடிப்பு போதும்.

எங்கள் ஊரில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். மழைக்காலத்தில் அடுக்களை உப்பு ஜாடி கசிவது இதனால்தான். வெடிப்பு வழியாக உப்பு உள்ளே போய்விட்டால், மழையே பெய்யாத ராத்திரியிலும் துரு வேலை செய்யும். வெளியே தண்ணீர் அடித்துக் கழுவினாலும் அந்த உப்பு வெளியே வராது. அதற்கு மேல்தான் கோட்டிங் மூடியிருக்கிறதே.

பெரிய தவறு இன்னொன்றும் நடந்திருந்தது. கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற சில் பகுதியிலும் கதவுகளின் அடி ஓரத்திலும் தண்ணீர் வடிய சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். கோட்டிங் அடித்தவர்கள் பாதி ஓட்டைகளை அடைத்துவிட்டார்கள். 2022 மழையில் பிரேக் போடும்போதெல்லாம் காலுக்கு அருகில் சலசலவென்று ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. பின்னால் கிடக்கும் தண்ணீர் பாட்டில் என்று நினைத்துவிட்டேன். சில்லுக்குள் நின்ற மழைத்தண்ணீர் அது. உங்கள் வண்டியில் கோட்டிங் அடித்திருந்தால், வேறெதுவும் செய்யாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு வளைந்த கம்பியை எடுத்துக்கொண்டு போய் அந்த ஓட்டைகளைக் குத்தித் திறந்துவிடுங்கள்.

சரி, தண்ணீர் எங்கிருந்து இறங்கியது? கசிவை அடைக்காமல் கீழே கோட்டிங் அடித்தாலும் மெழுகு அடித்தாலும் காசு வீண். ஒருவர் உள்ளே டார்ச்சோடு உட்கார, இன்னொருவர் வெளியே ஹோஸ் பிடிக்க வேண்டும். கீழிருந்து மேலாகக் கொஞ்சம் கொஞ்சமாக நனைக்க வேண்டும். மேலிருந்து ஆரம்பித்தால் எல்லா இடமும் நனைந்து, எது வழி என்று தெரியாமல் போகும். கார்ப்பெட்டை எடுத்துவிட்டு, தகட்டில் முகப் பவுடர் தூவி வைத்தால் தண்ணீர் ஓடிய தடம் கோடாகத் தெரியும். நானும் மச்சானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதைச் செய்தோம்.

மூன்று வழிகள் அகப்பட்டன. முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் இருக்கும் பள்ளத்தில் வடிகால் இருக்கிறது. அதில் வேப்பிலை மக்கி, கறுத்த சேறாக அடைத்திருந்தது. வேப்பமரத்து நிழலில் வண்டி விடுகிறவர்கள் மழைக்கு முன் அங்கே கட்டாயம் கைவிட்டுப் பார்க்க வேண்டும். பள்ளம் நிரம்பினால் தண்ணீர் புளோயர் வழியாக நேராகக் காலடிக்கு வந்துவிடும். இரண்டாவது, டிரைவர் கதவின் உள் பேடுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாள். ஸ்பீக்கர் மாற்றிய கடையில் அதைக் கிழித்துவிட்டு அப்படியே மூடியிருந்தார்கள். கதவுக்குள் தண்ணீர் இறங்குவது இயல்பு. கண்ணாடியோடு இறங்கி, அடி ஓட்டை வழியாக வெளியே போக வேண்டும். அந்தத் தாள் இல்லாவிட்டால் உள்ளே வரும். மூன்றாவது, கூரைக் கேரியரின் பின் போல்ட். அதன் வாசர் காய்ந்து, சொட்டுச் சொட்டாகக் கூரை அட்டைக்கு மேலேயே ஓடிப் பின் சீட்டுக்கு அருகில் இறங்கியது. ஏ.சி. தண்ணீர் வடியும் குழாயையும் பார்த்தோம், அது நன்றாக இருந்தது. மழையே இல்லாமல் முன் இருக்கை அடியில் மட்டும் நனைகிறது என்றால் முதலில் அந்தக் குழாயைப் பாருங்கள்.

கசிவை அடைத்த பிறகுதான் அண்ணாச்சி தகட்டை வெட்டினார். பட்டி வைத்து மூட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். டிரைவர் தரையில் ஒன்று, சில்லில் இரண்டு என மூன்று பேட்ச், சி.ஓ.2 வெல்டிங்கில். வெல்டிங்குக்கு முன் பேட்டரி வயரைக் கழற்றியதும், மெழுகை வெல்டிங்குக்குப் பிறகே அடித்ததும் முக்கியம். மெழுகும் தாரும் இரண்டுமே தீப்பிடிக்கும் சரக்கு. வெட்டத் தேவையில்லாத மேல்துருவுக்கு, கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, துருவோடு வினைபுரிந்து அதை மாற்றும் ரஸ்ட் கன்வர்ட்டர் தடவினோம். டானின் உள்ள வகை அது. செம்பழுப்பாக இருந்த இடம் கொஞ்ச நேரத்தில் நீலக் கறுப்பாக மாறியது. கடுக்காயையும் அன்னபேதி என்ற இரும்பு உப்பையும் சேர்த்து அந்தக் காலத்தில் மை காய்ச்சினார்களே, அதே வினைதான். கடுக்காயின் துவர்ப்பும் டானின்தான். பார்த்துக்கொண்டிருக்க எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதன் மேல் பிரைமர், பெயின்ட்.

அப்புறம் மெழுகு. கேனோடு நீளக் குழாய் ஒன்று வரும். அதன் முனையிலிருந்து சரக்கு சுற்றிலும் எல்லாப் பக்கமும் பீய்ச்சும். சேஸில் இருக்கும் ஓட்டைகள் வழியாகக் குழாயை உள்ளே விட்டு, அடித்துக்கொண்டே மெதுவாக வெளியே இழுக்க வேண்டும். கறுப்புக் கோட்டிங்கால் முடியாத வேலை இது. சேஸும் சில்லும் உள்ளே வெற்றாக இருக்கும் பெட்டிகள். துரு பெரும்பாலும் உள்ளிருந்துதான் தின்று வெளியே வருகிறது. வெளியே எவ்வளவு தடிமனாகப் பூசினாலும் உள்சுவர் மொட்டையாகத்தான் இருக்கும். மெழுகு முதலில் தண்ணீராக ஓடி, தகடுகள் சேரும் மடிப்புக்குள் இறங்கி, அப்புறம் இறுகுகிறது. வெளியே தெரியும் இடங்களுக்குக் கொஞ்சம் கெட்டியான வகையை அடித்தேன். பிரேக், சைலன்சர் பக்கம் படாமல் தாளால் மூடினேன். ரப்பர் புஷ்களையும் மூடினேன், எண்ணெய்ச் சரக்கு பட்டால் சில ரப்பர்கள் உப்பிவிடும். இதே காரணத்தால்தான் பழைய இன்ஜின் ஆயிலை அடியில் பூசும் பழக்கத்தை நான் ஏற்பதில்லை. அது ரப்பரையும் கெடுக்கும், மழையில் வழிந்து மண்ணையும் கெடுக்கும்.

மெழுகின் தொல்லைகளையும் சொல்ல வேண்டும். முதல் வாரம் போர்ட்டிகோ தரையில் சொட்டியது, வீட்டில் திட்டு வாங்கினேன். பத்து நாள் வண்டிக்குள் மண்ணெண்ணெய் போல ஒரு வாடை. புழுதி ஒட்டிக்கொண்டு அடிப்பகுதி எப்போதும் அழுக்காகவே தெரியும். பிரஷர் வாஷரைக் கிட்டத்தில் வைத்து அடித்தால் மெழுகு போய்விடும். எல்லாவற்றுக்கும் மேலாக, வருடம் ஒரு முறை அடியில் படுத்துப் பார்த்து, போன இடத்தில் மறுபடி அடிக்க வேண்டும்.

எல்லாரும் மெழுகு வேண்டாம் என்று சொல்லும் காரணம் இந்த வருடாந்தர வேலைதான். நான் மெழுகுக்கு மாறியதற்குக் காரணமும் இதேதான். கறுப்புக் கோட்டிங்கை ‘ஒரு தடவை அடித்தால் போதும், மறந்துவிடலாம்’ என்று சொல்லி விற்கிறார்கள். நானும் மூன்று வருடம் மறந்துதான் போயிருந்தேன். அந்த மூன்று வருடத்தில் ஒரு தடவை கீழே பார்த்திருந்தாலும் எனக்கு எதுவும் தெரிந்திருக்காது, கறுப்புதான் தெரிந்திருக்கும். மெழுகு அப்படி மறைப்பதில்லை. மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்தால் ஒரு நிமிடத்தில் தகடு தெரியும். புதுத் துரு இருந்தால் தேன் நிறத்தில் காட்டிக்கொடுக்கும். துடை, தேய், மறுபடி அடி, அவ்வளவுதான். கறுப்பு உரிந்தால் ஓரத்தில் மட்டும் தொட்டுச் சரிசெய்ய முடியாது. முழுதாகச் சுரண்டி எடுக்க வேண்டும். எங்களுக்கு அதற்கு மட்டும் இரண்டு ஆள், இரண்டரை நாள் ஆனது. 2024-லும் 2025-லும் செப்டம்பர் கடைசியில், வடகிழக்குப் பருவமழைக்கு முன், நானே பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் ஒரு சனிக்கிழமை மத்தியானமும் இரண்டு கேனும்தான் ஆனது.

விற்கும்போதும் இது உதவும் என்றே நினைக்கிறேன். பழைய வண்டியின் அடியில் புதுக் கறுப்பைப் பார்த்தால், விவரம் தெரிந்த மெக்கானிக் எதையோ மறைக்கிறார்கள் என்றுதான் முதலில் எண்ணுவார். மெழுகு என்றால் அவரே துடைத்துப் பார்த்துக்கொள்ளலாம். நான் இன்னும் விற்கவில்லை. ஆனால் 15 வருடம் முடிந்து 2024-ல் ஆர்.சி. புதுப்பிக்கக் கொண்டுபோனபோது, வண்டியைக் காட்ட எனக்குத் தயக்கம் இருக்கவில்லை. இன்னும் 5 வருடம் கிடைத்தது.

கறுப்புக் கோட்டிங்கையே ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. கல் தெறிக்கும் சக்கர வளைவுகளுக்கு அதுதான் நல்லது. நானும் அங்கே மட்டும், சுத்தமான தகட்டில் பிரைமருக்கு மேல் அதையே அடித்திருக்கிறேன். சத்தமும் குறைகிறது. துருவே இல்லாத புது வண்டியை மதுரை, கோவை போல உப்பில்லாத ஊரில் ஓட்டுகிறவர்களுக்கு நன்றாக அடித்த கோட்டிங் நெடுநாள் உழைக்கலாம். தனிச் சேஸ் இல்லாத மோனோகாக் வண்டியை நான் வைத்திருந்ததில்லை. அதில் சில்லும் தரையுமே எடையைத் தாங்குவதால், பேட்ச் வைப்பதைத் தெரிந்த கையிடம் மட்டுமே கொடுக்க வேண்டும். மெழுகில் என் அனுபவமும் இரண்டு மழைக்காலம்தான். இந்த இரண்டு கோடையிலும் சைலன்சருக்குப் பக்கத்தில் மட்டும் உருகி ஓடியிருந்தது, மற்ற இடத்தில் நின்றது.

போன செப்டம்பரில் தேன் நிறம் தெரிந்தது ஒரே இடத்தில்தான். பின்பக்கம், ஸ்டெப்னிக்கு மேலே, பாடியும் சேஸும் சேரும் ரப்பர் மவுன்ட்டின் வாசருக்கு அடியில். துடைத்து, கன்வர்ட்டர் தடவி, மெழுகு அடித்துவிட்டேன். ஆனால் போல்ட்டைக் கழற்றினால்தான் உள்ளே எவ்வளவு என்று தெரியும். இறுகிப் போயிருக்கிறது, அவசரப்பட்டால் முறிந்துவிடும். துரு இளக்கும் எண்ணெயைத் தினமும் ஒரு தடவை விட்டு வைக்கச் சொல்லியிருக்கிறார் அண்ணாச்சி. அடுத்த வாரம் ஜாக்கி வைத்துக் கழற்றுகிறோம்.