ஜீன் எடிட் பண்ண தக்காளில ரசம் வச்சுப் பாத்தாச்சு

தக்காளிக்கு ரிவ்யூ எழுதுவேன்னு நெனச்சதே இல்ல. ஆனா நம்ம டோக்கியோ நிஷிகசாய் குரூப்ல மூணு பேர் இந்த ஜீன் எடிட் தக்காளி எப்படின்னு கேட்டுட்டீங்க, அதனால இது.

நான் வாங்குனது சிசிலியன் ரூஜ் ஹை காபா. சுகுபா பல்கலைக்கழக ஆராய்ச்சில வந்தது, 2021 செப்டம்பர்ல ஆன்லைன்ல விக்க ஆரம்பிச்சாங்க, அப்ப 3 கிலோ பெட்டி 7500 யென். ஆமாங்க, தக்காளிக்குத்தான். இன்னைக்கும் தினசரி சாம்பாருக்கு வாங்குற விலை இல்ல.

என்ன பண்ணிருக்காங்கன்னா, தக்காளிக்குள்ளயே காபாங்கிற அமினோ அமிலத்த உண்டாக்குற ஜீன் ஒண்ணு இருக்கு, அதோட வால்ல ஒரு பிரேக் மாதிரி துண்டு, கிரிஸ்பர்ங்கிற ஜீன் வெட்டுற கருவி வச்சு அந்தத் துண்ட எடுத்துட்டாங்க, அதனால காபா சாதா தக்காளிய விட நாலஞ்சு மடங்கு. வேற எந்த செடியோட ஜீனும் கடைசில உள்ள இல்ல. பிபிக்கு நல்லதுன்னு சொல்லித்தான் விக்கிறாங்க. நான் ஒரு வாரம் சாப்பிட்டு மிஷின்ல பாத்தேன், ஒரு வாரத்துல என்ன தெரியும், 138ல இருந்தது 136, அது ஆபீஸ் லீவுனால கூட இருக்கலாம்.

கூரியர்ல வந்ததுல அஞ்சாறு நசுங்கிப்போய் அட்டைல சாறு ஒழுகுச்சு. மீதி நல்ல நீளவாக்குல, செக்கச்செவேல்னு. பச்சையா உப்பு மிளகுத்தூள் தூவி சாப்பிட்டா அருமை. ரசத்துக்கு தேறாது, இனிப்பு தூக்கலா இருக்கு, ரெண்டாந்தடவ புளி கரைச்சு ஊத்த வேண்டியதாப்போச்சு. அம்மா வீடியோ கால்ல பாத்துட்டு "பெங்களூர் தக்காளியாடா? நாட்டுத் தக்காளி கெடைக்கலியா அங்க?"ன்னாங்க. ஜீன் கதையெல்லாம் சொன்னேன், அதுக்கும் "புளிக்குதா இல்லியா, அத சொல்லு" தான்.

பக்கத்து பிளாட் அக்கா தொடவே இல்ல. "ஜீன்ல கைவச்சத பிள்ளைக்குக் குடுக்க மாட்டேம்பா." இதே அக்கா கன்வீனியன்ஸ் ஸ்டோர்ல காபா போட்ட சாக்லேட்ட டென்ஷனுக்கு நல்லதுன்னு பாக்கெட் பாக்கெட்டா வாங்குவாங்க. கேட்டா அது வேறயாம். சிரிச்சேன், ஆனா அவங்கள முழுசா தப்புன்னும் சொல்ல மாட்டேன், ஏன்னா எனக்கே வாங்குற தைரியம் வந்தது ஜீன் எடிட் பண்ணதுன்னு பெட்டில இருந்த மார்க்க பாத்துதான். ஜப்பான்ல இந்த மாதிரி வெளி ஜீன் இல்லாத ஐட்டத்துக்கு லேபிள் கட்டாயமே இல்ல, இவங்களா ஒட்டியிருக்காங்க. மறைச்சு வித்திருந்து பின்னாடி தெரிஞ்சிருந்தா நானும் அக்கா கட்சிதான்.

நம்ம இந்தியாவுலயும் ஜீன் எடிட் சாப்பாடு வரப்போகுது. 2025 மே மாசம் ரெண்டு ஜீன் எடிட் நெல் ரகம் அறிவிச்சாங்க, அதுல கமலாங்கிறது நாம ஆந்திரா பொன்னின்னு சாப்பிடுற பிபிடி 5204ல இருந்து வந்தது. அரிசி மூட்டைல எழுதுற ரகத்தையே நம்ப முடியல, இதுல எடிட் பண்ணதுன்னு எவன் எழுதப்போறான்?

ஸ்டார் கேட்டீங்கன்னா அஞ்சுக்கு மூணரை. பச்சடி, சாலட், சும்மா கடிச்சு சாப்பிடன்னா வாங்குங்க. ரசத்துக்குன்னா சூப்பர்மார்க்கெட் தக்காளியும் நெல்லிக்காய் அளவு புளியும் போதும். மிச்சம் இருந்தத தொக்கு பண்ணி வச்சிருக்கேன், வேணுங்கிறவங்க டப்பா எடுத்துட்டு வாங்க, மார்க் ஒட்டியே தரேன்.